மீன்தொட்டியில் மூச்சும் முட்டக் கூடாது, வயரும் தெரியக் கூடாது: மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் மீன்தொட்டி வைத்திருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. எதைக் கேட்டாலும் உள்ளே இரண்டு ஆசைதான் இருக்கும். மீன் மூச்சுத் திணறக் கூடாது. பெட்டியும் ரியூபும் வயரும் கண்ணில் பட்டு வடிவைக் கெடுக்கக் கூடாது. இரண்டும் ஒன்றாக நடக்கும், ஆனால் எதை மறைக்கிறோம் என்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும்.

குமிழி வராவிட்டால் தண்ணீருக்குள் ஒட்சிசன் எப்படிப் போகும்?

மேற்பரப்பு வழியாக. தண்ணீரும் அறைக் காற்றும் தொடுகிற அந்தத் தளத்தில்தான் பெரும்பகுதி ஒட்சிசன் உள்ளே இறங்குகிறது, மீன் விடும் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. குமிழிக்குள்ளும் காற்றுத்தானே இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் ஒன்றரை அடித் தண்ணீரைக் கடந்து மேலே வர ஒரு குமிழிக்கு இரண்டு செக்கன் அளவுதான் ஆகும். அதற்குள் அது கொடுத்துவிட்டுப் போவது சொற்பம். குமிழி செய்யும் பெரிய வேலை, அடித் தண்ணீரை இழுத்துக்கொண்டு மேலே வருவதும், மேலே வந்து உடையும்போது மேற்பரப்பைக் கலக்கிவிடுவதும். அடியில் கிடந்த தண்ணீர் மேலே வந்து காற்றைத் தொட்டுவிட்டு மறுபடி கீழே போக வேண்டும். அந்தச் சுற்று நடந்தால் போதும். அதைக் குமிழி செய்தாலும் சரி, பம்ப் தள்ளும் நீரோட்டம் செய்தாலும் சரி.

இறால் வளர்க்கும் குளங்களில் சுழலும் துடுப்புச் சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். அது அடியில் போய்க் காற்று ஊதுவதில்லை. மேல் தண்ணீரை அடித்துச் சிதறவைத்து, குளத்தையே ஓடவைக்கிறது. அவ்வளவு இறாலும் அதை நம்பித்தான் இருக்கிறது. ஆகவே குமிழி கட்டாயமில்லை. மேற்பரப்பு அசைவது கட்டாயம். இது பிடிபட்டுவிட்டால் மறைக்கும் வேலை பாதி முடிந்தது, ஏனென்றால் கண்ணை உறுத்துகிற குமிழித் தூணே தேவையில்லை என்று ஆகிவிடுகிறது.

இங்கே இது ஏன் கூடுதல் சிக்கல்?

சூடு. தண்ணீர் சூடாகச் சூடாக அது பிடித்து வைத்திருக்கக்கூடிய ஒட்சிசன் குறைந்துகொண்டே போகும். நல்ல தண்ணீர் 20 பாகை செல்சியசில் லீற்றருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் பிடிக்கும். 25 பாகையில் 8.2 அளவு, 30 பாகையில் 7.5 அளவு. கச்சான் என்கிற சூடான, வரண்ட காற்று அடிக்கிற மாதங்களில், சீற் கூரை வீடென்றால், பின்னேரத்தில் தொட்டித் தண்ணீர் 31, 32 பாகைக்குச் சர்வசாதாரணமாகப் போகும். அதே சூட்டில் மீனின் உடம்பு வேகமாக வேலை செய்வதால் அதற்குத் தேவைப்படும் ஒட்சிசனோ கூடும். வரவு குறைந்து செலவு ஏறுகிற நேரம் அது.

லீற்றருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலான மீன்கள் சோரத் தொடங்கும். 2 அளவுக்கு வந்தால் பலதும் தாங்காது. ஆக, 30 பாகையில் ஒட்சிசன் நிறைந்த தண்ணீருக்கும் ஆபத்துக்கும் இடையில் இருப்பது இரண்டரை மில்லிகிராம்தான். நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு லீற்றருக்கு 270 மில்லிகிராம் அளவு ஒட்சிசன் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மீனின் பிழைப்பு எவ்வளவு நெருக்கடியானது என்று விளங்கும்.

சூட்டைக் குறைக்க நல்ல வழி மேசை விசிறி. தண்ணீரின் மேல் சாய்வாகக் காற்று போகும்படி வைத்தால் ஆவியாதல் கூடி இரண்டு மூன்று பாகை இறங்கும். கச்சானில் காற்று வரண்டிருப்பதால் இந்த வித்தை நன்றாக வேலை செய்யும். மாரியில் ஈரக்காற்றில் அவ்வளவு பலன் இராது. தண்ணீர் வேகமாக வற்றும், அதை நிரப்பிக்கொண்டிருக்க வேண்டும். ஐஸ் கட்டியை நேரே போடாதீர்கள். திடீர்க் குளிரும் மீனுக்குக் கேடுதான்.

எதையெல்லாம் மறைக்கலாம்? எதை மறைக்கக் கூடாது?

பம்ப், வயர், ரியூப், ஸ்பொஞ்ச், பில்டர், தண்ணீர் வெளிவரும் குழாய் வாய், எல்லாவற்றையும் மறைக்கலாம். மறைக்கக் கூடாதவை இரண்டு.

முதலாவது மேற்பரப்பு. வடிவுக்காக அதைக் கண்ணாடி மாதிரி அசையாமல் வைக்க ஆசைப்படுகிறவர்கள் உண்டு. மிதக்கும் செடியால் முழுக்க மூடுகிறவர்களும் உண்டு. அங்கேதான் மீனுக்கு முட்டத் தொடங்குகிறது. தண்ணீர் தெறிக்க வேண்டிய தேவையில்லை, சத்தம் வர வேண்டிய தேவையும் இல்லை. மேலே சிற்றலை ஓடிக்கொண்டே இருந்தால் சரி. விளக்குப் போட்டால் அந்த அலையின் நிழல் அடி மணலில் ஆடும், அது தனி வடிவு.

இரண்டாவது, உங்கள் கை போகும் வழி. மறைத்து வைத்த கருவியை மாதத்தில் ஒரு தடவையாவது வெளியே எடுத்துக் கழுவ வேண்டும். கல்லை அடுக்கிச் செடியை நட்டு, எடுக்கவே முடியாதபடி உள்ளே புதைத்துவிட்டால், அடைப்பு வரும் நாளில் தொட்டி முழுவதையும் கலைக்க வேண்டிவரும். கலைக்க மனம் வராமல் ஒத்திப்போடுவோம், அதற்குள் மீன் போய்விடும். எதை மறைப்பதென்றாலும் ஒரு கையால் ஒரு நிமிடத்தில் எடுக்க முடியுமா என்று பார்த்துவிட்டு மறையுங்கள்.

செலவு குறைவாக, இலேசாக மறைக்கக்கூடியது எது?

எயார் பம்பில் ஓடும் ஸ்பொஞ்ச் பில்டர். விலையும் குறைவு, உள்ளே மின்சாரமும் போவதில்லை, காற்றும் வடிகட்டலும் ஒன்றாக நடக்கும், கப்பிக் குஞ்சுகளையும் இழுத்துக்கொள்ளாது. பார்க்க அழகில்லாதது என்பதுதான் ஒரே குறை.

அதைப் பின்மூலையில் வையுங்கள். தொட்டியின் பின்கண்ணாடிக்கு வெளிப்புறத்தில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுங்கள், அல்லது கறுப்புப் பெயின்ற் அடியுங்கள். கறுப்பு ஸ்பொஞ்ச், கறுப்பு ரியூப் என்றால் பின்னணியோடு கலந்து பாதி காணாமல் போய்விடும். நீலப் பின்னணி, கடற்காட்சிப் படம் எல்லாம் ஒட்டினால் எந்தக் கருவியும் எடுப்பாகத் தெரியும். மறைக்க விரும்புகிறவர் அந்தப் பக்கமே போகக் கூடாது என்பது என் எண்ணம். அப்புறம் முன்னால் உயரமான ஒரு கருங்கல்லோ மரக்கட்டையோ வைத்து, பக்கத்தில் நாடா மாதிரி நீளமாக வளரும் வலிஸ்னேரியாவை நட்டால் மிச்சமும் மறைந்துவிடும். கல்லுக்கும் ஸ்பொஞ்சுக்கும் இடையில் மூன்று விரல் இடைவெளி இருக்கட்டும். இல்லாவிட்டால் தண்ணீர் வந்து சேர வழியில்லாமல் கல்லுக்குப் பின்னால் இருக்கும் அதே தண்ணீரே சுற்றிக்கொண்டிருக்கும்.

மண் சட்டியைக் கவிழ்த்து வைத்து மறைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். தாராளமாக. அடியில் ஒரு பக்கம் உடைத்து வாசல் விடுங்கள், மேலே குமிழி வெளியேறத் துளை இருக்க வேண்டும். நிறம் பூசிய சட்டி வேண்டாம். சிரட்டையும் ஆகும், ஆனால் பல தடவை கொதிக்கவைத்து ஊற்றாவிட்டால் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்துவிடும்.

பணம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, எதுவுமே தெரியக் கூடாது என்றால்?

தொட்டி செய்யும்போதே பின்னறை விடச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. தொட்டியின் பின்பக்கத்தில், அல்லது ஒரு பக்கத்தில், நான்கு அங்குல அகலத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடித் தடுப்பு. தடுப்பின் மேல் விளிம்பில் சீப்புப் பல் மாதிரி வெட்டு. அந்த வெட்டு வழியாக மேற்தண்ணீர் பின்னறைக்குள் விழும். உள்ளே ஸ்பொஞ்சும் சிறிய பம்பும் இருக்கும். பம்பின் குழாய் தடுப்பிலுள்ள ஒரு துளை வழியாகத் தண்ணீரைத் திரும்பத் தொட்டிக்குள் தள்ளும். முன்னால் நின்று பார்ப்பவருக்குக் கறுப்புச் சுவர் மட்டும்தான் தெரியும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. தண்ணீரின் மேல் படியும் எண்ணெய்ப் படலத்தைச் சீப்பு வெட்டு இழுத்துக்கொண்டே இருக்கும். உணவின் கொழுப்பிலிருந்தும் குசினிப் புகையிலிருந்தும் வரும் அந்தப் படலம் தடித்துப்போனால் ஒட்சிசன் இறங்குவதை மந்தமாக்கும். வேறு எந்த பில்டரும் இதை இவ்வளவு சுத்தமாகச் செய்வதில்லை.

தண்ணீர் திரும்பி வரும் குழாய் வாயை மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே வைத்து, மேல்நோக்கிச் சாய்த்து விடுங்கள். பம்பின் அளவுக்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு: தொட்டித் தண்ணீரை மணிக்கு நான்கைந்து தடவையாவது சுற்ற வேண்டும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டி 56 லீற்றர் அளவு. அதற்கு மணிக்கு 250 முதல் 350 லீற்றர் தள்ளும் பம்ப் போதும். பெட்டியில் போட்டிருக்கும் அளவு எதிர்ப்பில்லாமல் ஓடும்போது வருவது. ஸ்பொஞ்ச் அழுக்கானால் குறையும், ஆகவே ஒரு படி கூடியதாகவே வாங்குங்கள்.

கண்ணாடி வெட்டித்தரும் கடைகளில் சிலிக்கன் விடயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். குளியலறைக்கென்று விற்கும் பூஞ்சணத் தடுப்பு மருந்து கலந்த சிலிக்கன் மீனுக்கு நஞ்சு. மீன்தொட்டிக்கென்று எழுதியிருப்பதை வாங்கிக் கொடுங்கள். ஒட்டிய பின் வினாகிரி மணம் முற்றாகப் போகும்வரை தண்ணீர் ஊற்றாமல் காயவிடுங்கள். கப்பி, மொலி வளர்ப்பவர்கள் சீப்பு வெட்டுக்கு உட்பக்கம் மெல்லிய ஸ்பொஞ்ச் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் குஞ்செல்லாம் பின்னறையில்தான் வளரும்.

எயார் பம்பை எங்கே ஒளிப்பது?

தொட்டிக்குக் கீழுள்ள அலுமாரிக்குள் வைக்கத்தான் எல்லோருக்கும் விருப்பம். அதில் ஒரு பொறி இருக்கிறது. கரண்ட் போனதும் பம்பின் தள்ளல் நின்றுவிடும், தண்ணீர் ரியூப் வழியாகத் திரும்பி ஏறி, விளிம்பைத் தாண்டிவிட்டால் தொடர்ந்து கீழே வடியும். பம்பும் போகும், நிலமும் நனையும், பிளக் பக்கத்தில் இருந்தால் இன்னும் மோசம். ஆகவே பம்ப் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருப்பதே நல்லது: மேலே ஒரு தட்டு, அல்லது யன்னல் சேலைக்குப் பின்னால் ஒரு ஆணி. கீழேதான் வைப்பேன் என்றால் ஒருவழி வால்வு கட்டாயம். சின்னதொரு பிளாஸ்டிக் சாமான், விலையும் பெரிதில்லை. அதை ரியூபின் நடுவில், தொட்டி விளிம்புக்குக் கிட்ட மாட்டுங்கள். மாட்டுமுன் வாயால் ஊதிப் பாருங்கள். எந்தப் பக்கம் ஊதும்போது காற்றுப் போகிறதோ அந்தப் பக்கம் பம்பை நோக்கி இருக்க வேண்டும். மாறி மாட்டினால் குமிழியே வராது. வருடத்துக்கு ஒரு தடவை புதிதாகப் போட்டுவிடுவது நல்லது.

அலுமாரியின் பின்பலகையில் காற்றுப் போகத் துளை விடுங்கள். பம்ப் எடுக்கும் காற்றுத்தான் மீனுக்கும் போகிறது. மூடிய அலுமாரிக்குள் பெயின்ற் ரின், மண்ணெண்ணெய், நுளம்பு மருந்து வைத்திருந்தால் அதன் ஆவியையும் சேர்த்துத் தண்ணீருக்குள் ஊதும்.

வயர்களைப் பற்றி ஒன்று. தொட்டியிலிருந்து வரும் எந்த வயரும் நேராகப் பிளக்குக்குள் போகக் கூடாது. பிளக்கை விடக் கீழே ஒரு வளைவாகத் தொங்கிவிட்டு மேலே ஏற வேண்டும். வயரில் வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். கையைத் தண்ணீருக்குள் விடுமுன் எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள். 230 வோல்ற்றோடு விளையாட முடியாது.

பம்பின் இரைச்சல் தாங்க முடியவில்லை.

பெரும்பாலும் இரைவது பம்ப் அல்ல, அது தொட்டுக்கொண்டிருக்கும் பலகை. ஒரு ஸ்பொஞ்சின் மேல் வையுங்கள், அல்லது கயிற்றில் தொங்கவிடுங்கள். பிறகும் இரைந்தால் எயார் ஸ்டோன் (ரியூப் நுனியில் மாட்டும், குமிழியைப் பொடியாக்கும் கல்) அடைத்திருக்கும், அல்லது உள்ளே றபர் தகடு கிழிந்திருக்கும். தகட்டைத் தனியாக வாங்கி மாற்றலாம். சத்தத்துக்காக இரவில் பம்பை நிறுத்துகிறவர்கள் தயவுசெய்து அந்தப் பழக்கத்தை விடுங்கள். காரணம் அடுத்த பதிலில்.

செடி நிறைய இருந்தால் பம்ப் வேண்டாம் என்கிறார்களே?

பகலில் உண்மை. வெளிச்சம் இருக்கும்வரை செடி ஒளித்தொகுப்பில் ஒட்சிசனை விடும். விளக்கு அணைந்ததும் விடுவது நின்றுவிடும், செடியும் மீனைப் போல ஒட்சிசனை எடுக்க மட்டும் செய்யும். மணலில் இருக்கும் பற்றீரியாவும் எடுக்கும். இரவு முழுக்கச் செலவு மட்டும்தான். ஆகவே தொட்டியில் ஒட்சிசன் மிகக் குறைந்திருப்பது வெள்ளாப்பு நேரத்தில். காலையில் எழுந்து பார்க்கும்போது மீன் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்து, பத்து மணிக்குச் சரியாகிவிட்டால், பிரச்சினை இதுதான். செடித் தொட்டிக்குக் குழாயில் காபனீரொட்சைட்டு விடுகிறவர்கள் விளக்கோடு அதையும் நிறுத்தி, இரவில் காற்று ஓடவிடுங்கள். கப்பி நாலைந்து இருக்கும் அகலத் தொட்டிக்குச் செடி மட்டுமே போதும் என்பதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். மீன் கூடக் கூட அந்தக் கணக்குப் பிழைத்துவிடும்.

எயார் ஸ்டோனை மணலுக்கு அடியில் புதைக்கலாமா?

நன்றாகப் புதைத்தால் அடைத்துவிடும், மணலும் மேலே கிளம்பும். சல்லிக்கல் நடுவே, கற்களால் ஒரு சின்ன வளையம் கட்டி அதற்குள் வைத்தால் குமிழி மட்டும் தெரியும். வாயைத் திறந்து மூடும் புதையல் பெட்டி, டைவர் பொம்மை எல்லாம் கருவியை மறைப்பதில்லை, இன்னும் கூவிக் காட்டுகிறது. பிள்ளைகளுக்குப் பிடிக்குமென்றால் அது வேறு கதை.

கடற்கரையில் கிடக்கும் முருகைக்கல்லால் மறைக்கலாமா? வடிவாக இருக்கிறதே.

வேண்டாம். முதலில், முருகைக்கல் எடுப்பது இலங்கையில் சட்டப்படி தடை. பாசிக்குடா, கல்குடாவில் கரையொதுங்கிய துண்டுதானே என்று பையில் போடாதீர்கள். அடுத்தது, அது சுண்ணாம்பு. நல்ல தண்ணீர்த் தொட்டிக்குள் மெதுவாகக் கரைந்து தண்ணீரின் வன்மையையும் காரத்தையும் கூட்டும். கார நீரில் அமோனியா கூடுதல் நஞ்சாகும். சிப்பி கலந்த கடல் மணலுக்கும் இதே கதைதான்.

எந்தக் கல்லென்று தெரியாவிட்டால் மேலே கொஞ்சம் வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், வெளியே வையுங்கள். அம்பாறைப் பக்கம் கிடைக்கும் கருங்கல் நுரைக்காது, பயமில்லாமல் போடலாம். மரக்கட்டைக்கு, காய்ந்து வைரம்பாய்ந்த கொய்யாக் கிளை நல்ல தேர்வு. பட்டையை உரித்துக் கொதிக்கவைத்து, மூழ்கும்வரை ஊறவிடுங்கள். வாவிக்கரைக் கண்டல் மரங்களில் கை வைக்காதீர்கள்.

பம்ப் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனாலும் மீன் மேலே வந்து வாயைத் திறக்கிறது. ஏன்?

காற்றுக் குறைவு மட்டும்தான் காரணம் என்று நினைத்து இன்னொரு பம்ப் வாங்குவதற்கு முன்னால் சிலதைப் பார்க்க வேண்டும்.

எல்லா மீனும் மேலே வந்திருக்கிறதா, ஒன்றிரண்டா? எல்லாமென்றால் தண்ணீரில் பிரச்சினை. ஒன்றென்றால் அந்த மீனுக்கு நோய், பெரும்பாலும் பூவில், அதாவது செவுளில்.

புதுத் தொட்டியா? அப்படியென்றால் அமோனியா, நைத்திரைற்று ஏறியிருக்கும். நைத்திரைற்று மீனின் இரத்தத்துக்குள் போய் ஒட்சிசனைக் காவும் சக்தியைக் கெடுத்துவிடும். தண்ணீரில் ஒட்சிசன் நிறைய இருந்தாலும் மீனுக்கு எடுக்க முடியாது. இதற்கு மருந்து காற்று அல்ல, தண்ணீர் மாற்றுவதும் உணவைக் குறைப்பதும். முந்தின நாள் யாராவது சாப்பாட்டை அள்ளிப் போட்டார்களா என்றும் விசாரியுங்கள். அழுகும் உணவில் பற்றீரியா பெருகித் தண்ணீர் வெண்புகை போலக் கலங்கும், அந்தப் பற்றீரியாவும் ஒட்சிசனைத்தான் குடிக்கிறது.

அன்றுதான் தண்ணீர் மாற்றினீர்களா? பைப் தண்ணீரில் குளோரின் இருக்கும். அது பூவைச் சுடும். தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்துக் காற்று ஊதிவிட்டு ஊற்றுங்கள், அவசரமென்றால் சோடியம் தயோசல்பேற்று உள்ள குளோரின் நீக்கியைப் போடுங்கள்.

இவை ஒன்றுமில்லையென்றால், தண்ணீர் ஓட்டத்தில் செத்த மூலை இருக்கிறதா என்று பாருங்கள். மீன் உணவைப் பொடித்து, பம்ப்பிலிருந்து தூரமான மூலையில் ஒரு சிட்டிகை தூவுங்கள். தூள் நகர்ந்தால் நல்லது. அப்படியே நின்றால் நீங்கள் அடுக்கிய கல்லோ செடியோ ஓட்டத்தை மறிக்கிறது. மறைப்பில் அதிக அக்கறை காட்டிய தொட்டிகளில் நான் அடிக்கடி காண்பது இதைத்தான்.

டெங்குக்குப் புகை அடிக்க வருகிறார்கள். தொட்டியை என்ன செய்வது?

இதைக் கேட்காமல் விடுகிறவர்கள்தான் அதிகம், ஆனால் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது. நுளம்புப் புகையிலும் தெளிகருவியிலும் பொதுவாகச் சேரும் பைரெத்ரொயிட் வகை மருந்து மனிதருக்குச் செய்வதை விடப் பல மடங்கு மோசமாக மீனுக்குச் செய்யும். எயார் பம்ப் அந்தக் காற்றை நேரே தண்ணீருக்குள் ஊதும். புகை வருமுன் எயார் பம்பை நிறுத்துங்கள். தொட்டியை ஈரத் துணியாலோ பொலித்தீனாலோ மூடுங்கள். புகை அடங்கியதும் யன்னல் கதவெல்லாம் திறந்து, மணம் போன பிறகு மூடியை எடுத்துப் பம்பைப் போடுங்கள். உள்ளே மூழ்கியிருக்கும் தண்ணீர்ப் பம்ப் காற்று இழுக்காததென்றால் அது ஓடட்டும். நுளம்புச் சுருளையும் தொட்டி இருக்கும் அறையில் கொளுத்தாமல் இருப்பதே நல்லது.

கரண்ட் போனால் எவ்வளவு நேரம் தாங்கும்?

மீனின் எண்ணிக்கை, சூடு, தொட்டியின் வாய் அகலம் மூன்றையும் பொறுத்தது. அகலமான தொட்டியில் குறைவான மீன் என்றால் ஒரு இரவு முழுக்கத் தாங்கிவிடும். நெருக்கமாக மீன் விட்ட, உயரமான, குறுகிய தொட்டி என்றால் கச்சான் காலத்தில் ஒன்றிரண்டு மணித்தியாலத்திலேயே மேலே வரத் தொடங்கும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை வெட்டிய காலத்தில் தொட்டி வைத்திருந்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இப்போது அப்படி இல்லையென்றாலும் மாரியில் மரம் விழுந்து லைன் அறுந்தால் இரவு முழுக்க இருட்டுத்தான்.

முதலில் சாப்பாட்டை நிறுத்துங்கள். சாப்பிட்ட மீனுக்கு ஒட்சிசன் கூடத் தேவை. மூடியைத் திறந்து வையுங்கள். சின்னக் கோப்பையால் தண்ணீரை அள்ளி ஓரடி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை இப்படிக் கொஞ்ச நேரம் செய்தாலே மீன் கீழே இறங்கும். சிரமம்தான், ஆனால் வேலை செய்யும்.

யூ.எஸ்.பி. எயார் பம்ப் ஒன்று வாங்கி வைத்தால் சிரமமில்லை. ஒன்றிரண்டு வோற்றுத்தான் எடுக்கும், 10,000 மில்லிஅம்பியர் பவர் பாங்கில் ஒரு இரவைத் தாண்டும். சில பவர் பாங்க், இழுக்கும் மின்சாரம் குறைவென்றால் தானாக அணைந்துவிடும். வாங்கியவுடனே ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுச் சோதித்துப் பாருங்கள், இருட்டில் போய்ச் சோதிக்காதீர்கள். ஒருவழி வால்வு இதற்கும் வேண்டும்.

கீழே அலுமாரிக்குள் ஒளித்து வைக்கும் மூடிய வாளி பில்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நீண்ட நேரம் நின்றுபோனால் உள்ளே தண்ணீர் அசையாமல் கிடந்து, அங்குள்ள நல்ல பற்றீரியா ஒட்சிசன் இல்லாமல் சாகும், அழுகல் தொடங்கும். கரண்ட் வந்ததும் அது அத்தனையையும் மீனின் மேல் கக்கும். சில மணித்தியாலத்துக்கு மேல் நின்றிருந்தால் திறந்து மணந்து பாருங்கள். கூழ்முட்டை மணம் வந்தால் உள்ளிருக்கும் தண்ணீரைக் கொட்டி, ஸ்பொஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிவிட்டுப் போடுங்கள்.

கிணற்றுத் தண்ணீர் தெளிவாக இருக்கிறது. நேரே ஊற்றலாமா?

தெளிவு என்பது ஒட்சிசனுக்குச் சாட்சி இல்லை. நிலத்தடித் தண்ணீர் காற்றைக் காணாமல் கிடப்பதால் அதில் ஒட்சிசன் குறைவாகவும் காபனீரொட்சைட்டு கூடுதலாகவும் இருக்கும். குழாய்க்கிணறென்றால் இன்னும் அதிகம். காத்தான்குடி, ஆரையம்பதி போலக் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தில் சில வளவுகளில் உவர்ப்பும் சேரும். வாளியிலோ பரலிலோ எடுத்து ஒரு இரவு எயார் ஸ்டோன் போட்டு வைத்துவிட்டு ஊற்றுங்கள். காலையில் அடியில் செம்மஞ்சள் மண்டி படிந்திருந்தால் அது இரும்பு. மேல்தண்ணீரை மட்டும் எடுங்கள். கிணற்றில் குளோரின் இல்லை என்றும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. வெள்ளம் வடிந்தபின் கிணறுகளுக்குக் குளோரின் போடுவது வழக்கம். அந்தக் கிழமைகளில் பைப் தண்ணீரைப் போலவே அதையும் நடத்துங்கள்.

வாவித் தண்ணீரை ஊற்றலாமா என்றும் ஒரு கேள்வி வருவதுண்டு. வேண்டாம். மழைக்கும் வெயிலுக்கும் ஏற்றபடி அதன் உப்பு மாறிக்கொண்டே இருக்கும், ஊர்க் கழிவும் சேர்ந்திருக்கும்.

ஃபைட்டர் மீனுக்குக் காற்று வேண்டுமா?

தேவையில்லை. ஃபைட்டர், குறாமி, நம் குளத்துப் பனையேறி எல்லாம் மேலே வந்து நேரடியாகக் காற்றை விழுங்கும். தண்ணீர் ஓட்டம் கூடினால் ஃபைட்டர் களைத்துப்போகும். அவற்றுக்கு வேண்டியது மூடிக்கும் தண்ணீருக்கும் இடையில் இரண்டு அங்குலக் காற்று இடைவெளி. இதைச் சாட்டாக வைத்துக் கோல்ட் ஃபிஷ்ஷையும் சின்னக் கண்ணாடிக் கோளத்தில் விடாதீர்கள். அது குளிர்ந்த தண்ணீரில் வளரும், கழிவு அதிகம் விடும், ஒட்சிசன் நிறையக் கேட்கும் மீன். மட்டக்களப்புச் சூட்டில் கோளத்துக்குள் அது படும் பாட்டைப் பார்க்கவே பிடிப்பதில்லை.

புதுத் தொட்டி வாங்கப் போகிறேன். எந்த அளவு?

உயரத்தைப் பார்க்காமல் வாய் அகலத்தைப் பாருங்கள். ஒரே அளவு தண்ணீர் பிடிக்கும் இரண்டு தொட்டியில், நீளமும் அகலமும் கூடியதற்கு மேற்பரப்புக் கூட. பழைய கணக்கொன்று உண்டு: மீனின் நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் 12 சதுர அங்குல மேற்பரப்பு. 2 அடிக்கு 1 அடி வாயுள்ள தொட்டிக்கு 288 சதுர அங்குலம், அதாவது மொத்தம் 24 அங்குல நீள மீன். சிறிய மீன்களுக்கு மட்டும் பொருந்தும் பருமட்டான கணக்கு இது. நம் சூட்டுக்கு அதிலும் மூன்றில் ஒன்றைக் குறைத்துக்கொள்வது நல்லது. அறுகோண வடிவில் உயரமாக நிற்கும் தொட்டி விறாந்தையில் எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அதில் மேற்பரப்பும் குறைவு, மூலைகளும் அதிகம், அடியில் ஒளித்த ஸ்பொஞ்சை எடுக்கத் தோள்வரை கையை விட வேண்டும், சின்ன எயார் பம்புக்கு அந்த ஆழத்தில் ஊதவும் கஷ்டம்.

மூடி போட்டால் காற்று தடைப்படுமா?

இறுக்கி மூடினால் தடைப்படும், சூடும் கூடும். பின்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி விடுங்கள், ரியூபும் வயரும் அந்த வழியாகவே போய்விடும். மீன் பாயும், பல்லி விழும் என்ற பயமிருந்தால் அந்த வெட்டுக்கு நுளம்பு வலைத் துண்டு ஒட்டலாம். வலையில் தூசு அடைத்தால் கழுவிவிடுங்கள்.